அட்டையில்லாத மாத்திரை

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்ணெய் காய்வதற்கு முன்பே பொரிகிறவள் என்று அப்பா எனக்கு வைத்த பெயர் கடுகு. இன்றைக்கும் வீட்டில் அதுதான் பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரு மருந்துக்கடையின் கவுன்ட்டரில் நிற்கிறேன். தலைவலிக்கு மாத்திரை கேட்க வந்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சண்டையை ஆதியிலிருந்து சொல்கிறவர்களிடம் எத்தனை நாள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது? "தலைவலி உங்களுக்கா, இந்தக் கதையைக் கேக்கறவங்களுக்கா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். முதலாளி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து என்னைத் திட்டினார்.

வேலையில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எந்த டாக்டரின் கிறுக்கலும் எனக்குப் புரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை சரியான தட்டுக்குப் போகும். படித்தது என்னவோ பன்னிரண்டாம் வகுப்பு வரைதான். மருந்தாளர் பட்டம் முதலாளியுடையது, சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பட்டம் அவருடையது, கடை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். திமிர்தான், வேறென்ன?

அம்மா பிரஷரில் போனாள். காலையில் பல் தேய்க்கப் போனவள் அப்படியே சாய்ந்தாள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து படுக்கையை உதறியபோது தலையணை உறைக்குள்ளிருந்து மாத்திரைகள் கொட்டின. எண்ணினேன், நாற்பத்தொன்று. நான் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த மாத்திரைகள். "போட்டாச்சும்மா, போட்டாச்சு" என்று தினமும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் ஒவ்வொன்றாக உறைக்குள் தள்ளியிருக்கிறாள். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாருடைய மாத்திரையும் என் கைக்கு வந்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை, என் தங்கைக்குப் பிரஷர். ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, அறைக்கு ஒன்றாகப் போட்டு, வெறும் அட்டையைக் கடைக் குப்பையிலேயே போட்டுவிடுவேன். அட்டையோடு கொடுத்தால் அப்புறம் போடுகிறேன் என்று மேஜையில் கிடக்கும். டப்பாவில் போட்டால் ஏமாற்ற முடியாது. திங்கள் அறை காலியா, செவ்வாய் அறை காலியா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நல்ல யோசனை என்று முதலாளியே மெச்சினார்.

தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள்தான். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. அந்த வேலைக்கு அவளை எப்படி எடுத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் அவளுக்குச் சத்தமே வராது. எதிரே லாரி வரும்போதுகூட, "கொஞ்சம் பிரேக் போடலாமா?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்பாள். அவளிடம் கற்றவர்கள் எல்லாரும் பயப்படாமல் ஓட்டுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கிற லிஃப்ட்டையெல்லாம் சரிசெய்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு நடந்து ஏறுகிறவர். "மாப்ள, உங்களுக்கு நடக்கத் தெரியும்னு கம்பெனிக்காரங்களுக்குத் தெரியுமா?" என்று நான் சீண்டுவேன். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

சின்னவளுக்கு முப்பது வயதிலேயே பிரஷர் வந்துவிட்டது. அம்மா கொடுத்துவிட்டுப் போன சொத்து. அப்போது பார்த்த டாக்டர் எனலாப்ரில் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். வருஷத்துக்குள் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சீட்டு எங்கே போயிற்றோ தெரியாது, அது என் தலைக்குள் இருந்தது. நாலு வருஷம் அதே மாத்திரை, அதே அளவு, ஞாயிறு தவறாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரஷரும் அடங்கியே இருந்தது. ஏன் மாற்றவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவள் உண்டானாள். என்னிடம் சொன்ன அன்று அவர்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தோம். அவள் வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னாள். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே ஓடிவந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன், உடனே டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

"வியாழக்கிழமை மாத்திரை ஏன் இருக்கு?"

"வாந்தி வந்துச்சுக்கா. அதான்..."

"வாந்தி வந்தா என்ன? இனிமே ஒருநாள் விட்டே, தோலை உரிச்சுடுவேன். வயித்துல புள்ளையை வெச்சுக்கிட்டுப் பிரஷர் ஏறினா என்ன ஆகும் தெரியுமா? வலிப்பு வரும். அம்மாவுக்கு வந்தது உனக்கும் வரணுமா?"

அவள் அங்கேயே தண்ணீர் பிடித்து, அந்த வியாழக்கிழமை மாத்திரையை என் முன்னாலேயே விழுங்கினாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

நான் சொன்னது பொய்யில்லை. பிரஷர் ஏறினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது பாதி. எந்த மாத்திரையால் அதை இறக்குவது என்பது மீதிப் பாதி. வயிற்றில் பிள்ளையோடு வருகிறவளுக்கு வலி மாத்திரை கொடுக்கக்கூடாது என்று தெரியும், முகப்பரு மாத்திரை கூடாது என்று தெரியும். பிரஷர் மாத்திரையிலும் அப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் எதற்குக் கேட்கப்போகிறாள்?

பன்னிரண்டாவது வாரம் அவள் முதல்முறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, நேரே கடைக்கு வந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம். கடையில் நிற்க இடமில்லை. இருமல் மருந்து பாட்டிலைத் திறந்துவிட்டுத் திருப்பித் தரப்பார்த்த ஓர் ஆளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலை மறைந்ததும் இவள் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, என்ன பிரஷர் மாத்திரை சாப்பிடறேன்னு டாக்டர் கேட்டாங்க. எனக்குப் பேரு தெரியல. வெள்ளையா, சின்னதா இருக்கும்னு சொன்னேன். அட்டையைக் கொண்டு வரச் சொன்னாங்க."

"அட்டையா? எதுக்கு? நான் என்ன ரோட்டுல கிடந்ததைப் பொறுக்கியா உனக்குக் குடுக்கறேன்?"

"அப்படி இல்லக்கா, அவங்க..."

"இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன்டி. உன் டாக்டர் பள்ளிக்கூடம் போனப்போ நான் இங்க மருந்து குடுத்துட்டிருந்தேன். பிரஷர் மாத்திரைன்னு சொல்லு, போதும். வழியை விடு, பின்னாடி ஆள் நிக்குது."

கடையே திரும்பிப் பார்த்தது. அவள் சிரிப்பதுபோல உதட்டை வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்று போய்விட்டாள். ஒரே ஒரு சொல். எனலாப்ரில். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. அவளை வெளுத்து வாங்க மட்டும் நேரம் இருந்தது.

அந்த மாதம்தான் கடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மருந்தாளர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். தும்பைப்பூ மாதிரி வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு வருவாள், நானும் வெள்ளைக்கோட்டு என்றே கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடைக்குள் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்குக்கா?"

"எங்க வீட்டுக்கு. ஏன், உங்ககிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

"இல்லக்கா, பிரிச்சு வெச்சா பேரு தெரியாம போயிடுமேன்னு..."

"பேரு எனக்குத் தெரியும். நீ போய் அந்தப் பவுடர் டப்பாவை அடுக்கு."

அவள் போய் அடுக்கினாள். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மாதங்கள் நன்றாகவே போயின. சின்னவளுக்கு வயிறு லேசாகத் தெரிந்தது. காரின் சீட்டைப் பின்னால் தள்ளிப்போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு டாக்டர். பிரஷர் நார்மல், மாத்திரை சாப்பிடுகிறார் என்று நோட்டில் எழுதினார்கள், அடுத்தவர் அதையே பார்த்து எழுதினார். பிரஷர் நார்மல் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை பிடிபடாது. "யாரு குடுக்கற மாத்திரை?" என்று கேட்பேன். "நீதான்க்கா" என்பாள்.

இருபத்திரண்டாவது வாரம் ஸ்கேன். வியாழக்கிழமை, பதினொரு மணி இருக்கும். மாப்பிள்ளை போன் செய்தார்.

"அக்கா, சின்னவளுக்கு நீங்க குடுக்கற மாத்திரை பேரு என்ன?"

குரல் சரியில்லை. நான் பெயரைச் சொன்னேன். அவர் அதை அங்கே யாரிடமோ திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு போன் கை மாறியது.

"நான் டாக்டர் பேசறேன். எனலாப்ரில்தானே? நிச்சயமா?"

"ஆமாங்க டாக்டர். அஞ்சு மில்லிகிராம்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா. ஒருநாள்கூட விடல டாக்டர். நானே பாத்துப் பாத்து..."

அந்த அம்மாள் மூச்சு விடுவது கேட்டது. "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"மருந்துக்கடையில."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "இன்னிக்கே நிறுத்தணும், நீங்க இங்க வாங்க" என்று மட்டும் சொல்லிப் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்.

கிளம்பும் முன் வெள்ளைக்கோட்டிடம் போய்க் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உண்டாகியிருக்கறவங்களுக்கு அது குடுக்கவே கூடாதேக்கா. வேற மாத்திரைக்கு மாத்திடுவாங்க. காலேஜ்லயே சொல்லிக்குடுத்தாங்க."

"அன்னைக்கு அட்டையைப் பாத்தியே, ஏன்டி சொல்லல?"

"யாருக்குன்னு நீங்க சொல்லலியேக்கா."

ஆஸ்பத்திரியில் சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், அவள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல. டாக்டரம்மா மூவரையும் உள்ளே அழைத்துப் பொறுமையாகச் சொன்னார். பிள்ளையைச் சுற்றி இருக்கிற தண்ணீர் பெரும்பாலும் பிள்ளை விடுகிற சிறுநீர்தான். இந்த மாத்திரை தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போய், அதன் சிறுநீரகத்தை முடக்கிவிடும். சிறுநீர் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் நுரையீரல் விரியாது. ஸ்கேனில் தண்ணீர் ரொம்பக் குறைவாக இருந்தது.

"அப்போ மாத்திரையே சாப்பிடாம இருந்திருக்கணுமா டாக்டர்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஐயோ, அப்படி நினைக்காதீங்க. இவங்க பிரஷருக்கு மாத்திரை கட்டாயம் வேணும். தானா நிறுத்தியிருந்தா அதுவும் ஆபத்து. இந்த நேரத்துக்குன்னே வேற மாத்திரை இருக்கு. அதுக்கு மாத்தியிருக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மாற்றியிருக்கவேண்டும், அவ்வளவுதான். நான் கைநீட்டி எடுக்கிற அதே தட்டில், நாலு விரல் தள்ளி அந்த வேறு மாத்திரையும் இருந்தது.

அன்றைக்கே மாற்றினார்கள். புதியதை ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடவேண்டும். ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு ஸ்கேன், புதன்கிழமையில். தண்ணீர் அளவு மூன்று என்றார்கள், எட்டாவது இருக்கவேண்டுமாம். அடுத்த வாரம் மூன்றரை, அதற்கடுத்து ஐந்து. அந்த எண்ணைக் கேட்பதற்காகவே நான் புதன்கிழமைகளில் உயிரோடு இருந்தேன். ஏறிவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று சின்னவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "உதைக்குதுக்கா, இங்க பாரு" என்பாள். தொட்டுப் பார்ப்பேன். உதைத்தது, நிஜமாகவே உதைத்தது.

முப்பத்திரண்டாவது வாரத்தில் பிரஷர் தறிகெட்டு ஏறியது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது, அந்த இத்துனூண்டு முகத்தில் அவ்வளவு பெரிய மூக்கு. "இந்த மூக்கை வெச்சுக்கிட்டு இவளை யாருடி கட்டிப்பான்?" என்றேன். சின்னவள் தையல் வலியோடு சிரித்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சுக்குக் குழாய், மருந்துக்குக் குழாய். நர்ஸ் சொன்ன முதல் விஷயம், பிள்ளை இன்னும் சிறுநீர் கழிக்கவில்லை என்பது. அங்கே அதை ஒரு சின்னத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். காய்ந்த நாப்கின் எவ்வளவு, கழற்றிய நாப்கின் எவ்வளவு, வித்தியாசம்தான் சிறுநீர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நர்ஸ் நாப்கினைத் தராசில் வைப்பாள். நாங்கள் மூன்று பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் முகத்தையே பார்ப்போம். அவள் தலையை ஆட்டுவாள், இல்லை என்று. உலகத்தில் எல்லாத் தாய்மாரும் பிள்ளை நனைத்துவிட்டதே என்று அலுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஒரு சொட்டுக்காகத் தவம் கிடந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் எங்களைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினாள். ஐந்து கிராம். மாப்பிள்ளை அந்த வராந்தாவிலேயே கையைத் தட்டிவிட்டார். யாரோ வந்து சத்தம் போடாதீர்கள் என்றார்கள். நான் அப்பாவுக்குப் போன் செய்து, "உங்க பேத்தி ஒண்ணுக்குப் போயிட்டா!" என்று கத்தினேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே.

அந்த ஐந்து கிராம்தான். பிறகு இரண்டு, ஒன்று, ஒன்றுமில்லை. உடம்பு நீர்கோத்து, கண் திறக்க முடியாமல் இமை வீங்கியது. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குச் சின்னவளின் மடியில் கொடுத்தார்கள். குழாய்களையெல்லாம் எடுத்த பிறகுதான் அவள் தன் பிள்ளையை முழுசாகத் தூக்கினாள். நான் பக்கத்தில் நின்றேன். தூக்கிக்கொள்கிறாயா என்று அவள் என்னிடம் நீட்டினாள். என் கை முன்னால் போகவில்லை. அந்தக் கையால்தான் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டிருந்தேன்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, "பிரஷர் உள்ள பொண்ணு, என்ன பண்றது" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். சின்னவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். மாத்திரையைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை, மாப்பிள்ளையும் விடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஊரையெல்லாம் கிழிகிழியென்று கிழிக்கிற வாய், மன்னித்துவிடு என்று சொல்ல மட்டும் வரவில்லை.

இதில் இன்னொன்றும் இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்கிறேன். தூக்கம் வராதபோதெல்லாம் ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். அவள் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே? கடையில் கூட்டம் இருந்த நேரத்தில் கேட்டாள், சரி, நான் கத்திவிட்டேன். வீட்டுக்கு வரும்போது நிதானமாக இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? அவளே மறந்துவிட்டாள், அவளுக்கும் அக்கறை இல்லை. தப்பில் முக்கால்வாசி என்னுடையது, கால்வாசி அவளுடையது. அந்தக் கால்வாசியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது இல்லையென்றால் என்னால் கடைக்குப் போய் நிற்க முடிந்திருக்காது.

ஒன்றரை வருஷம் போயிற்று. மறுபடி முயற்சி செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதாக மாப்பிள்ளைதான் என்னிடம் சொன்னார். இந்த முறை உண்டாவதற்கு முன்பே மாத்திரையை மாற்றிக்கொடுத்துவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்கோட்டிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த மாத்திரையை நானே வாங்கி, அட்டையோடு, பெயர் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவையாவது சரியாகச் செய்யவேண்டும் என்று மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன்.

சின்னவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் நீட்டியதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்க்கா. நான் வாங்கிட்டேன்" என்றாள்.

"எங்க வாங்கின?"

"எங்க ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு கடை இருக்கு."

"நான் ஒருத்தி மருந்துக்கடையில நிக்கறேன், நீ எவன் கடையிலயோ போய் வாங்கறியா?"

"பக்கத்துல இருக்குல்ல, அதான்."

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நான் அத்தோடு விட்டிருக்கவேண்டும். விடுவேனா? ஒன்றரை வருஷமாக அடைத்து வைத்திருந்தது பொரிந்துவிட்டது.

"என் மேல நம்பிக்கை இல்லன்னு நேரா சொல்லேன்டி. எல்லாரும் மனசுக்குள்ள என்னைத்தானே சொல்றீங்க? ஆமா, நான்தான் குடுத்தேன். எனக்குத் தெரியல, குடுத்துட்டேன். நீ ஏன் சும்மா இருந்த? ஒரு தடவை கேட்ட, நான் கத்தினேன். இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? வாயைத் திறந்து இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கார் ஓட்டப் பழகுகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில், அவசரமில்லாமல் பேசினாள்.

"கேக்கணும்னுதான்க்கா இருந்தேன். டாக்டர் சீட்டுல எழுதியே குடுத்திருந்தாங்க. மாத்திரை பேரு உடனே தேவை, மாத்த வேண்டியிருக்கலாம்னு. கடைக்கு வந்தப்போ அது பர்ஸுக்குள்ளதான் இருந்துச்சு. எடுத்து நீட்டறதுக்குள்ள நீ சத்தம் போட்டுட்ட."

"அப்புறம்? நான் வாராவாரம் இங்க வந்தேனே?"

"வந்த. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையிலயே சீட்டை எடுத்து மேஜை மேல வெச்சுடுவேன். நீ படி ஏறி வர்றப்பவே உன் முகத்தைப் பாப்பேன். திரும்ப எடுத்துப் பர்ஸுல வெச்சுடுவேன். நீ சிரிச்ச முகமா வர்ற ஒரு நாளாப் பாத்துக் கேக்கலாம்னு இருந்தேன்க்கா. பத்து ஞாயித்துக்கிழமை போயிடுச்சு."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, என் கையிலிருந்த மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தப் பத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒருநாள் பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஒருநாள் மழையில் செருப்பு அறுந்துவிட்டது. ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் படியில் சைக்கிளை நிறுத்தியிருந்தார். மற்ற ஏழு நாளும் எதற்காகக் கோபமாக வந்தேன் என்று எனக்கு இன்னமும் நினைவுக்கு வரவில்லை.